கல்லூரி வேறு, காலேஜ் வேறு

கேள்வி: சென்ற இதழில் வந்த அமெரிக்க அரசியல் கட்டுரையில், அந்நாட்டு அதிபரைத் ‘தேர்தல் கல்லூரி’ தேர்ந்தெடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே யார் என்ன படிக்கிறார்கள்? எங்கள் தெரு அறுவை மருத்துவர் மதுரையில் படித்தவர்; ஆனால் அவருடைய பெயர்ப் பலகையில் இங்கிலாந்து ராயல் காலேஜின் பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சம்பந்தியோ, பதினொரு வயதுப் பேத்தி ‘கல்லூரி’யில் சேர்ந்துவிட்டதாகத் தொலைபேசியில் பெருமையோடு சொல்கிறார். பட்டப் படிப்புக்கு உரிய ஒரு சொல்லை இப்படி ஆளுக்கொரு விதமாகக் கெடுப்பதை உங்களைப் போன்றவர்கள் கண்டிக்க வேண்டாமா?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: மூன்று குற்றச்சாட்டுகளில் முதலாவது முழுக்க நியாயமானது, பிழை எங்களுடையது. இரண்டாவதில் குற்றம் எதுவும் இல்லை, விளக்கம் மட்டுமே தேவை. மூன்றாவதில் தவறு உங்கள் பக்கம் இருக்கிறது. சம்பந்தியிடம் இதைச் சொல்லி அவர் மனத்தை நோகச் செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

‘காலேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் படிப்பு என்ற கருத்தே கிடையாது. ஒரு பொறுப்புக்கு இன்னொருவரோடு சேர்த்து அமர்த்தப்பட்டவரை லத்தீன் மொழியில் ‘கொல்லேகா’ என்றார்கள். உடன் பணியாற்றுபவரைக் குறிக்கும் ‘கலீக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். அத்தகையோர் கூடிய அமைப்பு ‘கொல்லேகியம்’. பண்டைய ரோமில் பூசாரிகளுக்கு ஒரு கொல்லேகியம் இருந்தது. கைவினைஞர்களுக்கும் தனித்தனியே இருந்தன. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் ‘கொலீஜியம்’ பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோமே, அதுவும் இதே சொல்தான். 1993இலும் 1998இலும் வந்த தீர்ப்புகளின் வழியாக உருப்பெற்ற அந்த அமைப்பில் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் நால்வரும் இருக்கிறார்கள். அதை யாரும் ‘நீதிபதிகள் கல்லூரி’ என்று எழுதுவதில்லை. புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மார்களின் அவையும் ஆங்கிலத்தில் காலேஜ்தான். அதில் வாக்களிப்பவர்கள் எண்பது வயதை எட்டாத முதிய குருமார்கள்.

இந்தக் ‘கூட்டம்’ என்ற பொருளிலிருந்துதான் படிப்பு சார்ந்த பொருள் கிளைத்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அறிஞர்கள் சிலர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, பொதுச் சொத்தைப் பகிர்ந்து, தங்களுக்கென்று விதிகளை வகுத்துக்கொண்டு அமைத்த குடும்பம் போன்ற அமைப்பே அங்கே காலேஜ் எனப்பட்டது. மெர்ட்டன் காலேஜின் முதல் விதித்தொகுப்பு 1264ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாணவர்கள் அந்த அமைப்புக்குள் ஏற்கப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டாலும் காலேஜ் காலேஜாகவே இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் 1438இல் நிறுவப்பட்ட ஆல் சோல்ஸ் காலேஜில் இளநிலைப் பட்ட மாணவர் ஒருவர்கூட இல்லை என்பதே இதற்குச் சான்று.

நீங்கள் கும்பகோணத்துக்காரர் என்பதால், உங்களுக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டையே தருகிறேன். கணித மேதை ராமானுஜன் 1904இல் உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1914இல், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி காலேஜுக்குப் போனார். 1916இல் அவருக்குப் பட்டம் அளித்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். டிரினிட்டி அவருக்கு அளித்தது வேறொன்று: 1918 அக்டோபரில் அவரைத் தன் ‘ஃபெலோ’ ஆகத் தேர்ந்தெடுத்தது. தங்களுக்குச் சமமான ஓர் உடன்உறுப்பினராக அந்த அறிஞர் கூட்டம் அவரை ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். கும்பகோணத்தில் அவரைக் கைவிட்டதும் கேம்பிரிட்ஜில் அவரைச் சேர்த்துக்கொண்டதும் ஆங்கிலத்தில் ஒரே பெயருடைய, ஆனால் இயல்பில் வெவ்வேறான இரண்டு அமைப்புகள். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டையும் ‘கல்லூரி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும்போது, 1918இல் அவருக்குக் கிடைத்த மதிப்பு எத்தகையது என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு இது பல ஆண்டுகளாக உள்ள வருத்தம்.

உங்கள் மருத்துவரின் பலகையில் இருப்பதும் இந்தப் பொருள்தான். எஃப்.ஆர்.சி.எஸ். என்ற எழுத்துகளில் முதலில் நிற்கும் ‘எஃப்’ அதே ஃபெலோ. ராயல் காலேஜ்கள் என்பவை அந்தந்தத் துறை மருத்துவர்களின் கூட்டமைப்புகள். அவை தேர்வு நடத்தி, தகுதி பெற்றவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றில் லண்டனைச் சேர்ந்த பொது மருத்துவர்களின் காலேஜ், 1518இல் எட்டாம் ஹென்றி மன்னர் அளித்த சாசனத்தால் அமைந்தது. மதுரையில் படித்து மருத்துவரான ஒருவர் அறுவை மருத்துவர்களின் அத்தகைய அமைப்பில் உறுப்பினர் ஆவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இனி எங்கள் பிழைக்கு வருகிறேன். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் மூல வாசகத்தில் ‘எலக்டோரல் காலேஜ்’ என்ற தொடரே இல்லை. ‘எலக்டர்கள்’, அதாவது வாக்காளர்கள், என்ற சொல் மட்டுமே இருக்கிறது. மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் சேர்ந்து 538 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களில் 270 பேரின் வாக்கைப் பெறுபவர் அதிபராகிறார். அந்த 538 பேரும் ஓரிடத்தில் கூடுவதுகூட இல்லை. டிசம்பர் மாதத்தில் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். கட்டடமும் பாடமும் ஆசிரியரும் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குக் ‘கல்லூரி’ என்று பெயரிட்டது, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதால் நேர்ந்த தவறு. நம் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இத்தகைய அமைப்புதான். அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அதில் இடம்பெறுகிறார்கள். ‘வாக்காளர் குழு’ என்றால் எவருக்கும் புரியும். இனி இந்த இதழில் அப்படித்தான் வரும்.

அப்படியானால் ‘காலேஜ் என்றால் பட்டப் படிப்பு’ என்ற எண்ணம் உங்களுக்கும் எனக்கும் எங்கிருந்து வந்தது? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைத்தபோது, பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை என்றும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை என்றும் பிரித்தார்கள். இணைவுக் கல்லூரி என்ற அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஐந்தாறு தலைமுறைகளாக வாழ்ந்ததால் அது ஒன்றே சொல்லின் இயல்பான பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது. உங்கள் ஊர்க் கல்லூரியே 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி 1867இல்தான் கல்லூரியானது.

இலங்கையின் கதை வேறு. அங்கே ஆங்கிலக் கல்வியை நிறுவியவர்கள் முன்மாதிரியாகக் கண்டவற்றுள் இங்கிலாந்தின் பழைய பள்ளிகளும் அடங்கும். 1440இல் ஆறாம் ஹென்றி நிறுவிய ஈட்டன் காலேஜில் படிப்பவர்கள் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையிலான சிறுவர்கள். அதற்கும் முந்திய வின்செஸ்டர் காலேஜும் அதே வயதினருக்கான பள்ளிதான். 1835இல் தொடங்கிய கொழும்பு அகாடமி 1881இல் ராயல் காலேஜ் என்று பெயர் மாறியது. இன்றும் அது பள்ளிதான். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் மத்திய கல்லூரியும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் இந்த மரபில் வந்தவை. 1921இல் கொழும்பில் தொடங்கிய யூனிவர்சிட்டி காலேஜ் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பட்டப் படிப்பு பல்கலைக்கழகங்களோடு நின்றது. நம்முடையதைப் போன்ற இணைவுக் கல்லூரிகள் அங்கே வேரூன்றவில்லை. ஆகவே பள்ளிகள் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே எழவில்லை.

தமிழின் பக்கம் நின்று பார்த்தாலும் உங்கள் சம்பந்தியின் வழக்கே வலுவானது. ‘கல்லூரி’ என்ற சொல் காலேஜை மொழிபெயர்ப்பதற்காக ஆங்கிலேயர் காலத்தில் புதிதாகச் செய்யப்பட்டது அன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலேயே அது கலை பயிலும் இடம் என்ற பொருளில் வருகிறது. ‘கல்’ என்ற வினை அதற்குள்ளேயே இருக்கிறது. வயதோ பட்டமோ அதற்குள் இல்லை. எனவே பதினொரு வயதுச் சிறுமி கற்கும் இடத்தைக் கல்லூரி என்பது தமிழுக்கு முழுதும் பொருந்தும். நாங்கள் அச்சிட்ட ‘தேர்தல் கல்லூரி’தான் பொருந்தாது, ஏனெனில் அங்கே கற்பவர் எவரும் இல்லை. ஒரே சொல்லைப் பற்றிய உங்கள் இரண்டு புகார்களில் ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் ஆவதற்கு இதுவே காரணம்.

கடலைத் தாண்டவும் வேண்டியதில்லை. புதுச்சேரி மிஷன் வீதியில் ‘கலவைக் கல்லூரி அரசு மேல்நிலைப் பள்ளி’ என்ற பெயரில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர்களிடம் காலேஜ் என்ற சொல் இன்றைக்கும் பதினொன்று முதல் பதினைந்து வயதுவரை படிக்கும் நடுநிலைப் பள்ளியையே குறிக்கிறது. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டாண்டுப் படிப்பைத் தருவது தொடக்கக் கல்லூரி. கனடாவிலோ காலேஜ்கள் பெரும்பாலும் பட்டயமும் தொழிற்பயிற்சியும் தருபவை. பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தை நாட வேண்டும். பிள்ளைகளை அங்கே அனுப்பக் கடன் வாங்கும் பெற்றோர், பெயரில் காலேஜ் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாமல், படித்து முடித்ததும் கிடைக்கப்போவது பட்டமா பட்டயமா, அதை வழங்குவது யார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ‘யூனிவர்சிட்டி’ என்ற சொல்லைத்தான் காக்கிறது. ‘காலேஜ்’ என்ற சொல்லுக்கு அந்தப் பிரிவில் காவல் இல்லை.

சம்பந்தியிடம் அடுத்த முறை பேசும்போது, பேத்தி எந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், ஆறாம் தரத்துக்கு வகுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். அவர் மகிழ்ந்து சொல்வார்.