ஏ-க்கும் பி-க்கும் ஓ பிறக்குமா? மரபியல் கேள்வி-பதில்

கே: நான் ஏ பாசிட்டிவ், மனைவி பி பாசிட்டிவ். குழந்தைக்கு ஓ நெகட்டிவ் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை மாறியிருக்குமோ என்று வீட்டில் பேச்சு.

ப: அந்தப் பேச்சுக்கு இதில் இடமே இல்லை. ரத்த வகைக்கான மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. உங்களிடம் ஏ-யோடு ஓ-வும், மனைவியிடம் பி-யோடு ஓ-வும் இருந்திருக்கும். ஓ ஒடுங்கு பண்பு. கூட ஏ-யோ பி-யோ இருந்தால் வெளியே தெரியாது. இரண்டு ஓ-வும் ஒரே குழந்தைக்குச் சேர 4-ல் 1 வாய்ப்பு. நெகட்டிவுக்கும் அதே கணக்குதான். இரண்டும் சேர்ந்து வர 16-ல் 1.

பெற்றோரில் ஒருவர் ஏபி, குழந்தை ஓ என்றால் யோசிக்கலாம். ஏபி-யிடம் கொடுக்க ஓ பிரதி இல்லை. அப்போதும் முதல் வேலை, ரத்த வகையை மறுபடி பார்ப்பது. பச்சிளம் குழந்தையின் சிவப்பணுவில் ஏ, பி ஆன்டிஜென்கள் (வகையைக் காட்டும் மேற்பரப்பு அடையாளங்கள்) பலவீனமாக இருக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால் அதில் குழந்தையின் சொந்த ஆன்டிபாடி (வேற்று வகை ரத்தத்தை எதிர்க்கும் புரதம்) இன்னும் உருவாகியிருக்காது. 6 மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது. 1952-ல் பம்பாயில் கண்டறியப்பட்ட 'பாம்பே' வகையும் வழக்கமான சோதனையில் ஓ போலவே காட்டும். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான ஹெச் ஆன்டிஜென் அதில் இருக்காது. அதைத் தேடினால்தான் பிடிபடும்.

கே: மகளைத் தம்பிக்கே கட்டிவைக்க நினைக்கிறோம். பரம்பரையில் யாருக்கும் நோய் இல்லை, இருவருக்கும் ரத்த குரூப்பும் வேறு. பயமில்லையே?

ப: குரூப் வேறாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய்மாமனும் மருமகளும் சராசரியாக 4-ல் 1 பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் 8-ல் 1. இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு நோயின் மரபணு, ஒற்றைப் பிரதியாகத் தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் இறங்கும். அதனால் 'நோய் இல்லை' என்பது 'மரபணு இல்லை' என்று ஆகாது. முடிவெடுக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். மூன்று தலைமுறை விவரம் எழுதிக்கொண்டு போங்கள். கைக்குழந்தையாக இறந்தவர்கள், காது கேளாதவர்கள், கலைந்த கர்ப்பங்கள் எதையும் விடாதீர்கள். இவற்றைத்தான் குடும்பங்கள் மறைக்கின்றன.

கே: ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்பிஎல்சி ரிப்போர்ட்டில், அவற்றில் ஒன்றான ஹெச்பிஏ2 5.2%. தலசீமியா மைனர் என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை போடலாமா?

ப: ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவாக இருந்தால் மட்டும். தலசீமியா மைனர் என்றால் நீங்கள் கேரியர், அதாவது அந்த மரபணுவின் ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர். உங்கள் சிவப்பணு சிறுத்திருப்பது மரபணுவால். இரும்பு அதை மாற்றாது. கணவருக்கும் சோதனை அவசியம். அவருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ2 இறங்கி, கேரியராக இருந்தும் நார்மல் போலக் காட்டலாம். அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். இருவரும் பீட்டா தலசீமியா (உங்களுக்கு இருக்கும் வகை) கேரியர் என்றால், குழந்தைக்கு இரண்டு பிரதியும் சேர்ந்து நோய் வர ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% ஆபத்து. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது. கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துச் சோதிக்கலாம்.

கே: அப்பாவுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. எனக்கு இல்லை. என் மகனுக்கு வருமா?

ப: இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நீங்கள் மகள் என்றால், அப்பாவின் ஒரே எக்ஸ் குரோமோசோம் உங்களிடம்தான் இருக்கிறது, ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்கள் அவர் மகன் என்றால், அவரிடமிருந்து வந்தது ஒய். பேரனுக்கு அந்த வழியில் வராது.

கே: ஹைபிரிட் தக்காளியின் விதையை எடுத்து விதைத்தேன். செடிக்குச் செடி வேறு மாதிரி காய்க்கிறது.

ப: அப்படித்தான் காய்க்கும். கலப்பின் முதல் தலைமுறை ஒன்றுபோல் இருக்கும். அடுத்ததில் மறைந்திருந்தவை பிரிந்து வெளிவரும். மெண்டல் பட்டாணியில் எண்ணியபோது 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறக்குறைய 3-க்கு 1. விதை சேமிக்க வேண்டுமென்றால் நாட்டு ரகம் போடுங்கள்.