வேலந்தாவளத்துக்கு இப்புறமும் அப்புறமும்

இவ்வாரம் வந்த கடிதங்களில் மூன்று, பள்ளிப் பிள்ளைகளின் உணவு பற்றியவை. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தங்கை மாநில எல்லையான வேலந்தாவளத்துக்கு அப்பால், தமிழ்நாட்டின் கோவை மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகனுக்குப் பள்ளியில் வாரம் ஐந்து நாளும் முட்டை தருகிறார்கள்; காலைச் சிற்றுண்டியும் உண்டு. இங்கே கேரளத்தில் படிக்கும் என் மகளுக்கு வாரத்துக்கு ஒரே முட்டை. இரண்டும் அரசுப் பள்ளிகள்தானே?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, மத்திய அரசின் அளவு இரு பக்கமும் ஒன்றுதான். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி; 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 150, 30, 75 கிராம். சமைக்கும் செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கின்றன. இந்த அளவில் முட்டை கட்டாயமில்லை. அது மாநிலம் விரும்பிச் சேர்ப்பது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவைத் தொடங்கினார். 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010இல் பள்ளி நாள்கள் ஐந்துக்கும் ஆயிற்று. காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கியது. கேரளம் வாரம் ஒரு முட்டையோடு இரண்டு நாள் பாலும் தருகிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு நேந்திரம்பழம் உண்டு. உங்கள் தங்கையிடம் பேசும்போது பாலையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால், தட்டில் தெரியும் இந்த வேறுபாட்டுக்கு அடியில், கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்ற வேறுபாடு ஒன்று கிடக்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவு மையத்துக்கென அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று சமூக நலத் துறையின் கீழ்த் தனி ஆட்கள் இருக்கிறார்கள்; முட்டை ஒப்பந்தக்காரர் மூலம் மையத்துக்கே வந்து இறங்குகிறது. இங்கே அந்தச் சுமை தலைமையாசிரியர் தலையில் விழுகிறது. அரிசி மட்டும் கேரள அரசின் நுகர்பொருள் நிறுவனமான சப்ளைகோவின் மாவேலி ஸ்டோர் என்ற கடையிலிருந்து வரும். காய்கறி, முட்டை, பால், கேஸ் அனைத்தையும் அவரே கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பில் எழுதிப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். 2016இல் வகுத்த விகிதப்படி அரசு தந்தது, 150 பிள்ளைகள் வரை நாளொன்றுக்குத் தலைக்கு 8 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 7 ரூபாய், அதற்கும் மேற்பட்டால் 6 ரூபாய். விலைவாசி ஏறிய பின்னும் அந்த விகிதம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. ஓணத்துக்கு முன் மளிகைக் கடன் முழுதும் தீர்ந்த ஓர் ஆண்டு என் பணிக்காலத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் நலம் விசாரிப்பதற்கு முன் நோட்டைத்தான் எடுப்பார். 2025 ஆகஸ்டில் எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, காய்கறி பிரியாணி எல்லாம் பட்டியலில் சேர்ந்தபோது மகிழ்ந்தேன். கூடவே, 500 பிள்ளைகள் வரை ஒரே சமையல் தொழிலாளி என்ற முறையில் இவற்றை யார் சமைப்பது என்ற கவலையும் வந்தது.

பள்ளியின் மதிய உணவுக் குழுவில் பெற்றோருக்கும் இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போய், முதலில் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். முட்டையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறாள். பேரனின் பள்ளியிலிருந்து வீட்டு வருமானத்தைக் கேட்டு உணவுக்கான படிவம் அனுப்பியிருக்கிறார்கள். நிரப்பினால் மானக்கேடு என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாத்தா, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: மானக்கேடு ஒன்றுமில்லை. 1946இல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி நடக்கும் திட்டம் அது. அங்கே பல பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் பள்ளி மாவட்டம் என்ற அமைப்பு உணவுக்கென்று தனிப் பிரிவும் தனிக் கணக்கும் வைத்திருக்கிறது. பரிமாறிய ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மத்திய வேளாண் துறை இவ்வளவு என்று பணம் தருகிறது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 வரை இருந்தால் மதிய உணவுக்கு 40 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது. குடியுரிமை ஒரு நிபந்தனையே அல்ல. ஏழைக் குடும்பங்கள் மிகுந்த பள்ளிகளில் படிவமே இல்லாமல் எல்லாருக்கும் இலவசமாகத் தரும் முறையும் உண்டு. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்தான்.

பேரன் சைவமானால் அதற்கும் வழி இருக்கிறது. பழம், காய்கறி, தானியம், புரதம், பால் என்ற ஐந்தில் மூன்றைப் பிள்ளை எடுத்தால் போதும். அவற்றுள் ஒன்று பழமோ காய்கறியோ ஆக இருக்க வேண்டும். இறைச்சிக்குப் பதில் பயறும் தயிரும் பாலாடைக்கட்டியும் புரதக் கணக்கில் சேரும். என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பெற்றோர் கட்டாத பாக்கி திரும்பி வராது என்று ஆகிவிட்டால், அந்த நட்டத்தை உணவுக் கணக்கில் எழுதக் கூடாது. பள்ளி மாவட்டம் வேறு பணத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். இப்படி ஒரு விதி எனக்கு வாய்த்திருந்தால் மளிகைக்காரரின் தெருவைச் சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் சென்ற மாதம் நான்கு நாள் தொடர்ந்து மதிய உணவு போடவில்லை. சமைக்கும் பெண்களுக்குப் பில் பணம் வரவில்லையாம். இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
– ஒரு நெசவாளர், நகரி, ஆந்திரம்

பதில்: உண்டு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 8ஆம் வகுப்பு வரை பள்ளி நாள்தோறும் ஒரு வேளை உணவை உரிமையாக்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விதிகளின்படி, தானியமோ பணமோ எரிபொருளோ ஆளோ இல்லாமல் உணவு நின்றால், அந்நாளுக்குரிய தானியத்தையும் சமையல் செலவையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள்களோ, மாதத்தில் ஐந்து நாள்களோ உணவு போடாவிட்டால், யார் பொறுப்பு என்று மாநில அரசு முடிவு செய்ய வேண்டும். உங்கள் பள்ளியில் நான்கு நாள் ஆகிவிட்டது.

உங்கள் மாநிலத்தில் முட்டையும் கடலை மிட்டாயும் உண்டு. 2023 முதல் ராகி ஜாவா என்ற கேழ்வரகுக் கஞ்சியும் சேர்ந்தது. ஆட்சி மாறியதும் மதிய உணவுத் திட்டத்துக்கு இருந்த கோருமுத்த என்ற பெயர் போய், பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறிட்ட டொக்கா சீதம்மாவின் பெயர் வந்தது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால், சமைப்பவர் அரசு ஊழியர் அல்லர். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் பில் எழுதி, அது வரும்வரை கடன் சொல்லிச் சாமான் வாங்கும் மகளிர் குழுவினர். மண்டலக் கல்வி அதிகாரிக்குத் தெலுங்கிலேயே மனு எழுதி, உணவு நின்ற நான்கு தேதிகளையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். அந்தப் பெண்களுக்கு எத்தனை மாதப் பில் நிற்கிறது என்பதையும் அவர்களிடமே கேட்டு அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.