தென்னை உயரத்துக்கு ஊஞ்சல்!

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டப் போகிறோம். வீட்டு பிளான் வரையும் மென்பொருளான ஸ்வீட் ஹோம் 3டி-யில் பிளான் போட்டு, நெட்டில் எடுத்த ஊஞ்சலின் 3டி மாடலைக் கூடத்தில் வைத்தால் வெள்ளையாக, தென்னை உயரத்துக்கு நிற்கிறது. என்ன செய்ய? – வாசகி, கடலூர்

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் எடுத்தது ஓபிஜே (.obj) என்ற 3டி மாடல் கோப்பாக இருக்கும்; அதில் வடிவம் மட்டும்தான் இருக்கும். நிற விவரம் அதோடு வரும் எம்டிஎல் (.mtl) கோப்பிலும் மரத்தின் ரேகை தனிப் படங்களிலும் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக்கி இம்போர்ட் செய்யுங்கள், வெள்ளை போய்விடும். உயரமா? வரைந்தவர் மில்லிமீட்டரில் வரைந்திருப்பார், மென்பொருள் அதைச் சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இம்போர்ட் செய்யும்போதே அளவு கேட்கும். விகிதம் மாறாதபடி டிக் செய்துவிட்டு உயரத்தை மட்டும் போடுங்கள். படுத்துக் கிடந்தால் அங்கேயே நிமிர்த்தலாம். அப்புறம், வேறு ஊஞ்சல் வேண்டுமென்றால் 3டி மாடல்கள் கிடைக்கும் 3டி வேர்ஹவுஸ் தளத்தில் 'ஜூலா' (இந்தியில் ஊஞ்சல்) என்று தேடிப் பாருங்கள்.