சந்தேகம் என்பது ஒன்று, அதற்கு ஆங்கில வினைச்சொற்கள் இரண்டு

பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் வாசகி கேட்கிறார்: “பில்லில் தொகை தவறாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், ‘ஐ டவுட் த அமவுண்ட் இஸ் ராங்’ என்று மேலாளருக்கு எழுதினேன். அவரோ தொகை சரியென்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு, பணத்தைச் செலுத்தச் சொல்லிவிட்டார். என் பிழை என்ன?”

சகோதரி, உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, வினைச்சொல்தான் மாறிவிட்டது. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘சஸ்பெக்ட்’. உறுதியான ஆதாரம் கையில் இல்லாவிட்டாலும், ஒன்று உண்மையாக இருக்கும் என்று மனம் சாயும்போது சஸ்பெக்ட் என்கிறோம். இருக்காது என்று சாயும்போது டவுட் என்கிறோம். காய்ச்சலோடு வந்தவருக்கு டிங்கி என்று மருத்துவர் ‘சஸ்பெக்ட்’ செய்தால் உடனே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். ‘டவுட்’ என்றால், அது டிங்கியாக இருக்காது என்பதே அவர் கருத்து.

இரண்டையும் சந்தேகம் என்றே சொல்லிப் பழகிய நமக்கு இக்குழப்பம் இயல்பானது. ஆயினும் இந்த வேறுபாடு தமிழில் இல்லாததன்று. அது சொல்லில் இல்லாமல் விகுதியில் இருக்கிறது. ‘தொகை தவறாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்’ என்பதில் உள்ள ஓகாரம், தவறு இருக்கும் என்ற பக்கம் சாய்கிறது. ‘அவர் இன்று வருவாரா என்பது சந்தேகமே’ என்பதில் உள்ள ஆகாரம், வரமாட்டார் என்ற பக்கம் சாய்கிறது. எழுதுமுன் வாக்கியத்தைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்: ‘ஓ’ வந்தால் சஸ்பெக்ட், ‘ஆ’ வந்தால் பெரும்பாலும் டவுட். மலாய் வழியாக நினைப்பவர்களுக்கு, முன்னது ‘சியாக்’, பின்னது ‘ராகு-ராகு’.

‘சஸ்பெக்ட்’ என்பதை வினையாகச் சொல்லும்போது அழுத்தம் ‘பெக்ட்’ என்ற இரண்டாம் அசையில் விழும். சந்தேக நபரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் முதல் அசையில் விழும். ‘ஐ ஆம் சஸ்பெக்டிங்’ என்று பொதுவாக எழுதுவதில்லை.

ஒருவர்மீது சந்தேகம் என்றால், ‘சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்’ என்பதுபோல், ஆளுக்குப் பின் ‘ஆஃப்’ வந்து, அதன்பின் செயல் வரவேண்டும். அலுவலகக் கடிதத்தில் இவ்வமைப்பை மிகுந்த யோசனைக்குப் பிறகே பயன்படுத்துங்கள். அது ஒரு மனிதர்மேல் வைக்கும் குற்றச்சாட்டாகவே படிக்கப்படும். தொகையைப் பற்றி எழுதும்போது அந்தக் கடுமை இல்லை: ‘ஐ சஸ்பெக்ட் தட் த அமவுண்ட் இஸ் ராங்.’ பணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்றால், இவ்வாக்கியத்தை இன்றே மேலாளருக்கு அனுப்பி, பில்லின் எந்த வரியில் தொகை மாறுபடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.