வாரம் ஒரு கொலையைச் சிரித்துக்கொண்டே பார்க்கும் ‘டெத் இன் பாரடைஸ்’ ரசிகர்கள், இன்ஸ்பெக்டர் மாறினால் மட்டும் ஏன் கொதிக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், செத்தவர் யாரோ, துப்பறிகிறவர் நம் வீட்டு ஆள். அதனால்தான்.

கொஞ்சம் விரித்தும் சொல்கிறேன். இந்தத் தொடரை லண்டனில் நான் தங்கியிருந்த வீட்டு மாமியோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கியவள் நான். மாமி யாழ்ப்பாணத்துக்காரர். தொலைக்காட்சி போலீஸ்காரர்களைப் பற்றி அவருக்குத் திடமான கருத்துகள் உண்டு. ரசிகர்களின் கோபம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ட சிறந்த மாதிரி அவர்தான்.

பார்க்காதவர்களுக்காக: பிபிசி ஒன்னில் 2011இல் தொடங்கிய தொடர் இது. உருவாக்கியவர் ராபர்ட் தோரோகுட். கரீபியக் கடலில் செயின்ட் மரி என்ற கற்பனைத் தீவு. படப்பிடிப்பு நடப்பது பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப்பில். இங்கிலாந்திலிருந்து, அந்தத் தீவுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். தலைப்பு இசை ஒலிப்பதற்குள் ஒரு பிணம் விழும். நான்கைந்து பேர் மீது சந்தேகம் இருக்கும், ஆனால் கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததாக எல்லோருக்கும் அசைக்க முடியாத சாட்சி இருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் சம்பந்தமே இல்லாத எதையோ பார்த்து அப்படியே உறைந்து நிற்பார். அப்புறம் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி முடிச்சை அவிழ்ப்பார். அது முடிந்ததும் கேத்தரின் என்பவர் நடத்தும் பாரில் எல்லோரும் கையில் கிளாசோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் இதேதான். இரண்டாவது சீசனிலிருந்து இதை ஆண்டின் தொடக்கக் குளிர் மாதங்களில் ஒளிபரப்புகிறார்கள். நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், ஹீட்டர் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து நீலக் கடலையும் தென்னை மரத்தையும் பார்ப்பது தனிச் சுகம். சில ஆண்டுகளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்றால் அதில் வெயிலுக்கும் பங்கு உண்டு.

இப்படி ஒரு தொடரில் சாவு என்பது குறுக்கெழுத்துப் புதிரின் முதல் கட்டம் மாதிரி. செத்தவரோடு நமக்குப் பழக்கம் ஏற்படுவதற்குள் அவர் போய்விடுகிறார். அழுவதற்கு நேரமே தருவதில்லை, அதுதான் இந்த வகைத் தொடரின் சாமர்த்தியம். ஆனால் இந்த ஏற்பாடு நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பிணம் அந்நியருடையதாக இருக்க வேண்டும். வராந்தா வைத்த காவல் நிலையம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கமிஷனர், கடற்கரைக் குடில், அதில் திரியும் ஹாரி என்ற பல்லி, இவற்றுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

2014 ஜனவரியில் அந்த நிபந்தனையைத் தொடரே மீறியது. முதல் இன்ஸ்பெக்டர் ரிச்சர்ட் பூல். நடித்தவர் பென் மில்லர். கொளுத்தும் வெயிலிலும் கோட்டு சூட்டைக் கழற்றாதவர், கையில் பெட்டி, நல்ல தேநீர் கிடைக்கவில்லை என்று ஓயாத புலம்பல், கடலும் மணலும் மீனும் பிடிக்காது. அவருக்கும் சக அதிகாரி கமீலுக்கும் நடுவில் சொல்லாத ஒரு பிரியம் இருந்தது. ஆண்டுதோறும் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து படப்பிடிப்பில் இருக்க முடியவில்லை என்று மில்லர் விலகினார். அது நியாயம்தான். ஆனால் மூன்றாம் சீசனின் முதல் எபிசோடில் பூலை எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? பழைய கல்லூரி நண்பர்கள் கூடிய இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐஸ் உடைக்கும் கம்பியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். வழக்கம் போலத் தலைப்பு இசைக்கு முன்னாலேயே. அதுவரை யார் யாரோ படுத்துக் கிடந்த இடத்தில் நம் ஆள் கிடந்தார்.

பார்த்தவர்கள் கொதித்தார்கள். இனி இந்தத் தொடரே வேண்டாம் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். கொலை நடந்ததைவிட, ஆற அமர அழ விடாமல் அதே எபிசோடிலேயே புது ஆளைக் கொண்டுவந்ததுதான் பலரைச் சுட்டது என்று நினைக்கிறேன். க்ரிஸ் மார்ஷல் நடித்த ஹம்ஃப்ரி குட்மன் வந்து இறங்கினார். தடுமாறி விழுவதும், குறிப்பேட்டை மறந்துவிட்டு அகப்பட்ட காகிதத்தில் எல்லாம் கிறுக்குவதுமாக ஓர் ஆள். பூலின் கொலையை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாமி சொன்னார்: “உந்த ஆள் சரிவராது பிள்ளை. செத்தவன்ர கதிரை சூடு ஆறேல்லை, அதுக்குள்ள வந்து இருக்கிறான்.” சில வாரம் எதிர்ப்பைக் காட்ட, தொடர் ஓடும் நேரம் பார்த்துக் குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். ஆனால் குசினிக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தார்.

தயாரிப்பாளர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. அதற்குப் பிறகு எந்த இன்ஸ்பெக்டரையும் அவர்கள் கொல்லவில்லை. 2017இல் ஹம்ஃப்ரி விலகும்போது ஒரு வழக்கை லண்டன் வரை நீட்டி, அங்கே ஆர்டல் ஓ’ஹான்லன் நடித்த ஜாக் மூனியை அவரோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். ஹம்ஃப்ரி காதலி மார்த்தாவுக்காக லண்டனில் தங்கிவிட்டார், மனைவியை இழந்த ஜாக் மகளோடு தீவுக்கு வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் இருக்கிற அளவுக்கான வருத்தம்தான் அப்போது. ஜாக் மெதுவானவர், சலிப்பூட்டுகிறார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 2020இல் அவர் போகிறார் என்றதும் அவர்களே கண்ணைக் கசக்கினார்கள். எனக்கு இன்றும் ஜாக் தான் பிடித்தவர். இதில் மாமிக்கும் எனக்கும் சண்டை.

கோபம் பெரிதாக வெடித்த மற்ற இடங்களைப் பாருங்கள், எல்லாம் அந்த நிபந்தனையைத் தொட்ட எபிசோடுகள்தான். 2019இல் தீவின் காவல் அதிகாரி ஃப்ளோரன்ஸைச் சுட்டார்கள், அவள் கட்டிக்கொள்ள இருந்த பாட்ரிசைக் கொன்றார்கள். பாட்ரிஸ் திரையில் வந்தது குறைவுதான், ஆனாலும் ஃப்ளோரன்ஸின் ஆள் என்றால் நம் ஆள். 2021இல் கேத்தரினைத் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடத்தியபோது ஒரு வாரம் முழுக்க மாமியின் வாயில் அதே பேச்சு. அடுத்த எபிசோடில் மகள் கமீல் திரும்பி வந்தாள். அவள் தனியே இருக்கும் நேரத்தில் பூல் அதே சூட்டோடு நினைவுருவாகத் தோன்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அந்தக் காட்சிக்கு ரசிகர்கள் அழுதது 2014இல் அழ விடாமல் வைத்திருந்த அழுகை என்றுதான் எனக்குப் பட்டது. ஏழு வருடம் தாமதமான எட்டுச் செலவு, அதாவது எட்டாம் நாள் சடங்கு.

ஜாக்குக்குப் பின் வந்த இன்ஸ்பெக்டர் நெவில் பார்க்கர் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. ரால்ஃப் லிட்டில் நடித்த பாத்திரம். வெயில், கொசு, பூ, சாப்பாடு, எதைத் தொட்டாலும் அலர்ஜி. அவருக்கு ஃப்ளோரன்ஸ் மேல் காதல். அவர் அதைச் சொல்லப் போகும் தருவாயில் ஒரு சீசனையே முடித்தார்கள். அடுத்த சீசனில் ஃப்ளோரன்ஸ் மறுத்துவிட்டுத் தீவைவிட்டே போனாள். 2023இல் சோஃபி என்று ஒருத்தி கிடைத்தாள் என்று நாம் சந்தோஷப்பட்டால், நெவிலைக் கொலைப் பழியில் சிக்க வைத்ததே அவள்தான். இங்கே யாரும் சாகவில்லையே, பிறகு ஏன் கோபம் என்றால், எபிசோடு முடிவில் பாரில் சிரித்துக்கொண்டே உட்காருவது என்ற உத்தரவாதத்தை நெவிலுக்கு மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். வேடிக்கைத் தொடரில் ஒருவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் கடலில் தள்ளிவிடலாம், பூச்சியைக் கடிக்க விடலாம். தொடர்ந்து மனசை உடைத்தால் பார்க்கிறவர்கள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். 2024 மார்ச்சில் அவரும் ஃப்ளோரன்ஸும் ஒன்றாகப் படகேறியபோதுதான் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதே சீசனின் முதல் எபிசோடு, தொடரின் நூறாவது, கமிஷனர் செல்வின் மீது துப்பாக்கிச் சூடு. செல்வினாக நடித்த டான் வாரிங்டனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மாமி பிபிசிக்குக் கடிதமே எழுதியிருப்பார்.

புதிர் லாஜிக் இல்லை, கொலையாளி யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டது என்பதெல்லாம் பாசத்தோடு போடும் சண்டை. அந்த வாரக் கௌரவ நடிகர்களில் யார் முகம் அதிகம் பழக்கமோ அவர்தான் கொலைகாரர் என்று ஊகிப்பது பிரிட்டனில் ஒரு வீட்டு விளையாட்டு. நானும் அப்படித்தான் ஊகிப்பேன், பாதி நேரம் சரியாகவே இருக்கும். அதற்காக யாரும் தொடரை விட்டுப் போனதில்லை.

2024 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடில் டான் ஜிலே நடிக்கும் மெர்வின் வில்சன் வந்தார். இந்தத் தொடரின் முதல் கறுப்பின நாயக இன்ஸ்பெக்டர். சிடுசிடுப்பானவர், பெற்ற தாயைத் தேடித் தீவுக்கு வந்து, அவர் இறந்துவிட்டதை அறிகிறவர். அவரைப் பற்றியும் வழக்கமான புகார்தான்: முந்தையவர் மாதிரி இல்லை, சிரிக்கவே மாட்டேன் என்கிறார். பூல் மட்டும் என்ன சிரித்துக்கொண்டா இருந்தார்? மாமி இந்த முறை குசினிக்குப் போகவில்லை. “இவருக்கு முதல்ல ஆறுதலா இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கக் குடுங்கோ” என்றார்.

நீங்கள் புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு யோசனை. நடுவில் எங்கும் குதிக்காதீர்கள். முதல் இரண்டு சீசன், ஒவ்வொன்றிலும் எட்டு, ஆக 16 எபிசோடுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு மூன்றாம் சீசனுக்குப் போங்கள். நேரே அதில் தொடங்கினால் பூல் உங்களுக்கு இன்னொரு பிணம்தான், ஹம்ஃப்ரி மேல் உங்களுக்கு ஒரு கோபமும் வராது.