மீடியனும் தண்ணீர் பந்தல் கணக்கும்

வணக்கம் அண்ணா,

செந்தூலில் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். 2022 கணக்குப்படி கோலாலம்பூரில் குடும்ப வருமான மீடியன் மாதம் 10,234 ரிங்கிட் என்று படித்தேன். எங்கள் மாடியில் ஒரு வீடுகூட அதன் பக்கத்தில் இல்லை. மலாய்ப் பத்திரிகையில் 'பெனெங்கா' என்று போடுகிறார்கள், ஆபீசில் கேட்டால் "எல்லாம் எவரேஜ்தான்" என்கிறார்கள். இது உண்மையில் என்னதான் சொல்கிறது? இன்னொன்று, தைப்பூசத் தண்ணீர் பந்தலுக்கு எங்கள் பிளாட்டின் 120 வீடுகளிலும் வசூல் செய்தோம். சராசரி 55 ரிங்கிட், மீடியன் 20தான். அடுத்த வருஷம் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

– செந்தூல் வாசகர்

தம்பி,

"எல்லாம் எவரேஜ்தான்" என்றவரிடம் ஐந்து வீடுகளைக் கொடுங்கள். வருமானம் 3,000, 3,500, 4,000, 5,000, கடைசி வீட்டில் மட்டும் 30,000. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 9,100, ஆனால் ஐந்தில் நான்கு வீடு அதற்கு ரொம்பக் கீழே கிடக்கிறது. மீடியன், அதாவது இடைநிலை, 4,000. சராசரி எல்லாப் பணத்தையும் ஒன்றாகக் கொட்டிப் பங்கு போடும். மீடியன் பணத்தைத் தொடுவதே இல்லை, வீடுகளை வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரிடம் மட்டும் "உனக்கு எவ்வளவு" என்று கேட்கும். (இரட்டைப்படை என்றால் நடுவில் இரண்டு பேர், அவர்கள் இருவருடையதைக் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம்.)

ஆக 10,234 என்றால் கோலாலம்பூர்க் குடும்பங்களில் பாதி அந்தத் தொகையிலோ அதற்குக் கீழேயோ, மீதிப் பாதி அதிலோ அதற்கு மேலேயோ. "பெரும்பாலானவர்களுக்குப் பத்தாயிரம் வருகிறது" என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அப்புறம் அது ஒருவர் சம்பளமும் இல்லை, அந்த வீட்டில் சம்பாதிக்கிற எல்லோருடையதும் சேர்ந்த, பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த வருமானம். உங்கள் மாடி முழுக்கக் கீழ்ப்பாதியில் இருப்பதால் அந்த எண் பொய்யாகிவிடாது, ஒரே வசதியுள்ளவர்கள்தானே ஒரே பிளாட்டில் சேர்கிறார்கள்.

நாடு முழுதும் பார்த்தால் அதே ஆண்டு மீடியன் 6,338, சராசரி 8,479. அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் இடைவெளி மேலே இருக்கிற சிலருடைய பெரிய வருமானம் சராசரியை இழுத்துக்கொண்டு போவதால் வருவது. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் 'சராசரிக்குக் கீழே' இருப்பதும் இதனால்தான்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். "பணக்காரன் எண்ணால் ஏமாறாது, அதனால் மீடியன்தான் நேர்மையானது" என்பார்கள். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். மேலே சொன்ன ஐந்தாவது வீட்டின் 30,000ஐ 3,00,000 ஆக்குங்கள், மீடியன் 4,000தான். சரி, நல்லது. இப்போது முதல் வீட்டுக்காரருக்கு வேலை போய் 3,000 என்பது 1,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் அதே 4,000! மேல்வீட்டைக் கண்டுகொள்ளாத அதே கணக்கு கீழ்வீட்டையும் கண்டுகொள்ளாது. மீடியன் ஏறிவிட்டது, மக்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று யாராவது எழுதினால் கீழே இருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். (பி40, அதாவது வருமான வரிசையில் கீழே இருக்கிற 40 விழுக்காட்டுக் குடும்பங்கள், என்பதும் வரிசைச் சமாச்சாரம்தான். எல்லோர் வருமானமும் இரண்டு மடங்கானாலும் கீழே 40 விழுக்காடு இருந்தே தீரும், அதை 'ஒழிக்க' முடியாது.)

மீடியனுக்குப் பெரிய வக்கீல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். இங்கிலாந்தின் பிளிமத் சந்தையில் ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை வரும் என்று ஜனங்கள் எழுதிப் போட்ட 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்து 1907இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார். கிறுக்குத்தனமான ஒரு சீட்டு முடிவைக் கெடுக்கக் கூடாது என்று மீடியனை எடுத்தார், 1,207 பவுண்டு வந்தது. உண்மை எடை 1,198. பிறகு சராசரி எவ்வளவு என்று கேட்டார்கள், போட்டுப் பார்த்தால் 1,197! அந்த ஒரு மாட்டை வைத்துச் சராசரிதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை, எது பொருத்தம் என்பது நாம் கேட்கிற கேள்வியைப் பொறுத்தது.

இன்னொரு தவறு நிறையப் பேர் செய்வது. கோலாலம்பூர் 10,234, பினாங்கு 6,502, இரண்டையும் சேர்த்தால் மீடியன் என்ன? இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது, குடும்ப எண்ணிக்கையைக் கொடுத்தாலும் முடியாது, இரண்டு ஊர்க் குடும்பங்களையும் ஒரே வரிசையில் திரும்ப நிறுத்தியாக வேண்டும். சராசரியில் இந்தத் தொல்லை இல்லை, எண்ணிக்கை தெரிந்தால் போதும். கணவர்களின் மீடியனையும் மனைவிகளின் மீடியனையும் கூட்டினால் குடும்ப மீடியன் கிடைத்துவிடாது என்பதும் இதே வகை.

உங்கள் பந்தலுக்கு வருவோம். மொத்தம் எவ்வளவு தேறும் என்பதற்குச் சராசரிதான் வேண்டும், 120ஐ 55ஆல் பெருக்கினால் 6,600, அதுதான் நீங்கள் வசூலித்த தொகையே. மீடியனால் பெருக்கினால் 2,400 வரும், அப்படி ஒரு தொகை உங்கள் கல்லாவில் எங்கேயும் இல்லை. ஆனால் நோட்டீசில் "வீட்டுக்கு இவ்வளவு கொடுத்தால் நல்லது" என்று போட 55 சரிப்படாது, பல வீட்டுக்காரர்கள் சங்கடப்படுவார்கள், 20 என்றே போடுங்கள். அதோடு சராசரிக்கும் மீடியனுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் பெரும்பாலும் சிலர் பெரிய தொகை கொடுத்திருப்பார்கள். பட்ஜெட்டை எழுதுவதற்கு முன்னால், அவர்கள் அடுத்த வருஷமும் கொடுப்பார்களா என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.