பிறப்பு விகிதம் குறைந்தாலே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், ஆய்வறிக்கைக்காகக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 ஆண்டுகள் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மாத அறிக்கை போடுவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1989-ல். அது டார்கெட் காலம். ஒவ்வொரு கிராம செவிலியருக்கும் வருடத்துக்கு இத்தனை கருத்தடை ஆபரேஷன், கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி இத்தனை, இத்தனை பேருக்கு மாத்திரை என்று மேலிருந்து எண்ணிக்கை வந்துவிடும். ஆபரேஷனுக்கு வரும் பெண்ணுக்கு 'கேஸ்' என்று பெயர். நான் மாதாமாதம் போட்ட வரைபடத்தில் ஏப்ரலில் தரையோடு கிடக்கும் கோடு, பொங்கல் முடிந்ததும் ஏறத் தொடங்கி மார்ச்சில் உச்சிக்குப் போகும். அடுத்த ஏப்ரலில் மறுபடி விழும். எந்தக் குடும்பமும் நிதியாண்டு பார்த்து 'பிள்ளை போதும்' என்று முடிவெடுக்காது. அந்தக் கோட்டில் தெரிந்ததெல்லாம் எங்கள் அலுவலக நெருக்கடிதான்.

மாத்திரைக் கணக்கு இன்னும் மோசம். ஒருமுறை பதிவேட்டைச் சரிபார்க்க வீடு வீடாகப் போனபோது, 'தொடர்ந்து பயன்படுத்துபவர்' என்று எழுதியிருந்த ஒரு பெண் தகரப் பெட்டியைத் திறந்து பிரிக்காத 'மாலா-என்' கருத்தடை மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினாள். முதல் அட்டையிலேயே தலைசுற்றல், வாந்தி. வேண்டாம் என்றால் நர்ஸம்மா வருத்தப்படுவார் என்று மாதாமாதம் வாங்கி வைத்திருக்கிறாள். எங்கள் அறிக்கையில் அவள் பாதுகாக்கப்பட்ட தம்பதி. மூன்று மாதம் கழித்து மூன்றாவது பிள்ளை உண்டாகி வந்தாள். கொடுத்தது ஒரு கணக்கு, பயன்படுத்தியது வேறு கணக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் நாட்டின் சாதனை ஆண்டு 1976-77 ஆக இருக்க வேண்டும். நெருக்கடி நிலையில் அந்த ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன்கள், பெரும்பகுதி ஆண்களுக்கு. அடுத்த ஆண்டு அது 10 லட்சத்துக்கும் கீழே போனது. வற்புறுத்தலால் வந்த அந்தப் பயத்தில் ஆண்கள் ஒதுங்கியவர்கள் ஒதுங்கியவர்கள்தான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சுமார் 58 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.1 சதவீதம்.

சரி, அப்படியானால் எப்படித்தான் அளப்பது? வங்காளதேசத்தின் மத்லப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். அங்கே காலரா ஆய்வுக்காக 1966 முதலே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் வீடு தேடிப் பதிவு செய்து வந்தார்கள். 1975-ல் வீட்டு வாசலிலேயே மாத்திரையும் ஆணுறையும் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்பாடு சட்டென ஏறியது, பின்விளைவுகளைக் கவனிக்க ஆள் இல்லாததால் மெல்ல இறங்கியது. 1977-ல் திட்டத்தை மாற்றினார்கள். ஏறக்குறைய பாதி கிராமங்களில் உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் அடிக்கடி வீட்டுக்குப் போனார்கள். ஊசி, மாத்திரை, காப்பர் டி என்று பல முறைகளைச் சொன்னார்கள், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக் கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். ஒன்றரை வருடத்தில் முதல் வகைக் கிராமங்களில் பயன்பாடு 7 சதவீதத்திலிருந்து 30-ஐத் தாண்டியது. பிறப்பு விகிதமும் மற்ற கிராமங்களைவிடத் தெளிவாகக் கீழே போனது. ஏழ்மை, படிப்பு, மதம் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்று என்பதால், அந்த வித்தியாசத்தைத் திட்டத்தின் பலன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

நம் மாநிலத்தில் அப்படி ஒப்பிட ஒரு 'மற்ற பக்கம்' இல்லை. 1992-93-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.5 பிள்ளைகள், 2005-06-ல் 1.8. இதே காலத்தில் பெண் பிள்ளைகள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் சாவது குறைந்தது. பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் இரண்டோடு நிறுத்தத் துணிந்தார்கள். இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். 1996-ல் நாடு முழுக்க டார்கெட்டை எடுத்தபோது பிறப்பு எகிறிவிடும் என்று என் மேலதிகாரிகளே பயந்தார்கள். எகிறவில்லை, குறைந்துகொண்டே போனது. அந்த டார்கெட் நெருக்கடியெல்லாம் தேவையே இல்லாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறப்பு விகிதம் சொல்லாத இன்னொரு பக்கமும் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்த முகாமுக்கும் அதையொட்டி நடந்த மற்ற முகாம்களுக்கும் போன பெண்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாத அறிக்கையில் அந்த 83-உம் சாதனைப் பத்தியில்தான் ஏறும். 2016-ல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்தச் சொன்னது.

அதனால் உங்கள் ஆய்வில் எத்தனை பேர் என்பதோடு இவற்றையும் கேளுங்கள்: வேறு முறைகள் இருப்பதாக யாராவது சொன்னார்களா, பின்விளைவு வரலாம் என்று சொன்னார்களா, வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே இந்த மூன்று கேள்விகளும் உண்டு. அப்புறம், முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி விட நினைத்தவர்களுக்கு அது கிடைத்ததா என்றும் பாருங்கள். 25, 26 வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணிடம் அதற்கு முன் என்ன பயன்படுத்தினாய் என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்ற பதில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

கேட்கும்போது மாமியாரையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நான் முதல் பத்து வருடம் அப்படித்தான் கேட்டேன். எல்லோரும் 'திருப்தி' என்றே சொன்னார்கள்.